ஆர்டிஸ் சேர்த்த அவசரப் பிரிவு

ஆர்டிஸ் நைகார்டிடம் சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட ஒரு பதில் பிடுங்க முடியாது. "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, மாவிஸ்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்வாள். சரியான கல்லுளிமங்கி! எங்கள் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இந்தச் சாப்பாட்டுக் கடையை நான் நடத்த ஆரம்பித்த காலத்திலிருந்து அவளைப் பார்க்கிறேன். என் வீட்டுக்கு எதிர்வீடும் அவள்தான். ஒரே தேவாலயம், ஒரே சீட்டாட்ட மேசை. அப்படியும் அவள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் மேல் மாடியில் மசோதா எழுதும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். உறுப்பினர்கள் வந்து, "அந்த நாய் விவகாரத்துக்கு ஏதாவது பண்ணணும்" என்று அரை வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த நாய், யாருடைய நாய், கடித்ததா, கடிபட்டதா என்று இவள்தான் துருவிக் கேட்டுச் சட்டமாக எழுதித் தர வேண்டும். அந்த அலுவலகத்தாருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் பேச்சுக்கும் கைதட்டக்கூடாது. காரில் கட்சி ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் மசோதாவைப் பற்றிப் பெற்ற தாயிடம்கூட மூச்சுவிடக்கூடாது. மற்றவர்கள் சாயங்காலம் கோட்டை மாட்டும்போது அந்தக் கட்டுப்பாட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். இவள் அதைப் போர்த்திக்கொண்டே வீட்டுக்குப் போனாள். தேவாலயத்துக்குப் புதுக் கம்பளம் பச்சையா நீலமா என்று பாதிரியார் கை தூக்கச் சொன்னபோது இரண்டுக்கும் கை தூக்காத ஒரே ஜீவன் ஆர்டிஸ்தான்.

"கம்பளத்துக்குக்கூட கட்சி உண்டாடி?" என்று கேட்டேன்.

"பழக்கமாயிடுச்சு" என்றாள்.

அப்படிப்பட்டவள் என்னிடம் வாய்விட்டுச் சொன்ன அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் தம்பி வெர்லினைப் பற்றியது.

வெர்லின் அவளைவிட வெகு இளையவன். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் மூக்கு சிந்திவிட்டதும் இவள்தான். தானியம் கொட்டிவைக்கும் பெரிய இரும்புக் குதிர்களை நிறுத்துகிற வேலைக்குப் போனான். நல்ல சம்பாத்தியம், கல்யாணம், சோல்வே என்று ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் குதிரின் மேலிருந்து விழுந்தான். முதுகில் அறுவை நடந்தது. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். டாக்டர் நிறுத்திய பிறகும் மாத்திரை நிற்கவில்லை. எங்கிருந்தோ வாங்கினான், யாரிடமோ வாங்கினான். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டாள். அவனும் பாதி பிணமாகத்தான் கிடந்தான்.

அவனை எழுப்பி உட்கார வைத்தது ஒரு இலைத்தூள். க்ராட்டம் என்று பெயர். எங்கோ தாய்லாந்துப் பக்கத்து மரமாம். பெட்ரோல் பங்க்கில் காசு வாங்கும் மேசைமேல், சூயிங்கம்முக்கும் லைட்டருக்கும் நடுவில் பச்சைப் பொட்டலமாக இருக்கும். காலையில் ஒரு கரண்டி வெந்நீரில் கலந்து, கசப்பு தெரியாமல் இருக்க ஆரஞ்சு ஜூஸ் விட்டு மடக்கென்று குடிப்பான். மாத்திரையை விட்டான். டயர் கடையில் வேலை கிடைத்தது. மூஞ்சியில் ரத்தம் ஓடியது. பனி பெய்தால் என் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டுப் போவான், தங்கமான பையன். வருகிற கோடையில் சோல்வேயை அவனிடம் ஒரு மாதம் விடலாம் என்று அந்த ஊர் நீதிபதி உத்தரவே போட்டார். அந்தச் செய்தி வந்த அன்று என் கடையில் இருந்த எல்லோருக்கும் கேரமல் ரோல் என்கிற இனிப்பு பன் வாங்கிக் கொடுத்தான்.

ஆனால் ஆர்டிஸுக்கு அந்தத் தூளைக் கண்டால் ஆகாது. "ஒரு பிசாசை ஓட்டறதுக்கு இன்னொரு பிசாசைக் கூட்டிட்டு வந்திருக்கான், மாவிஸ். நாளைக்கு இதை யாரு ஓட்டுவா?" என்று என்னிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே கருத்து அது.

இப்போது அந்த மசோதாவுக்கு வருகிறேன். வாஷிங்டனில் மத்திய அரசு போதைப் பொருள்களுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. புதிது புதிதாக எவனாவது எங்காவது விஷத்தைக் காய்ச்சுவான், அவர்கள் அதை அட்டவணையில் சேர்ப்பார்கள். எங்கள் மாநிலச் சட்டமும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு மசோதா வரும். வருடாந்திர மசோதா என்றே அதற்குப் பெயர். கூட்ஸ் ரயில் நீளத்துக்கு வேதிப்பெயர்கள். உறுப்பினர் எவரும் அதைப் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விவாதம் வேண்டாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் போட்டுப் பத்தோடு பதினொன்றாக நிறைவேற்றிவிடுவார்கள்.

எங்கள் மாநிலத்தில் எந்தச் சட்டமும் ஜூலை முதல் தேதிதான் அமலுக்கு வரும். ஆனால் இந்த வருடாந்திர மசோதாவின் வாலில் மட்டும் அவசரப் பிரிவு என்று ஒன்று ஒட்டியிருக்கும். அது இருந்தால் கவர்னர் கையெழுத்துப் போட்ட நிமிடமே சட்டம். யாருக்கும் அதனால் கஷ்டம் வந்ததில்லை. அந்தப் பெயர் தெரியாத விஷங்களை எந்தச் சமையலறையிலும் டீத்தூள் பக்கத்தில் வைத்திருக்க மாட்டார்கள் அல்லவா? ஆர்டிஸ் போன வருட மசோதாவை எடுத்து, புதுப் பெயர்களை நடுவில் நுழைத்து, வாலை அப்படியே விட்டுவிடுவாள். பல வருடமாக அப்படித்தான்.

அந்த வருடம் செனட்டர் மெர்வின் ஸ்டோல்ஸ் ஒன்று கேட்டார். அவர் தொகுதியில் ஒரு பையன் அந்த இலைத்தூளையும் வேறு எதையோ சேர்த்துத் தின்று செத்துப்போனான். அவன் அம்மா ஸ்டோல்ஸின் பண்ணை வாசலில் வந்து நின்று அழுதாள். "அந்த க்ராட்டத்தையும் வருடாந்திர மசோதாவிலேயே போட்டுடு, ஆர்டிஸ்" என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டார். ஹெராயின் இருக்கும் முதல் அட்டவணையில் அதுவும் ஏறியது. வைத்திருந்தாலே பெருங்குற்றம்.

மனுஷர் கெட்டவரில்லை. மசோதா சபைக்கு வந்ததும் ரேடியோவில் பேசினார். "கடைக்காரங்க பயப்பட வேண்டாம். ஜூலை வரைக்கும் நேரம் இருக்கு, இருக்கற சரக்கைத் தீர்த்துக்குங்க" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அவசரம் என்று அவர் கேட்கவே இல்லை. தன் மசோதாவின் வாலைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. குழு பார்க்கவில்லை, சபை பார்க்கவில்லை. கடைசியில் ஓட்டெடுப்பில் எல்லோரும் ஆதரவுக்கான பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள்.

அந்த ஓட்டெடுப்புக்கு முன்னால், பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து ஆர்டிஸ் வீட்டில் சாப்பாடு. நானும் இருந்தேன். உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ், பட்டாணி, நான் செய்து கொண்டுபோன லெஃப்ஸே ரொட்டி. வெர்லின் நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, முட்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"ஆர்டி, ஜூலைன்னு ரேடியோல சொன்னாங்களே, நிச்சயந்தானே? டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். வாரம் கொஞ்சமா கரண்டியைக் குறைச்சுட்டு வரச் சொல்றாங்க. வேற ஒரு மருந்து இருக்காம், அதுக்கு ஜூன்லதான் இடம் கிடைச்சிருக்கு. ஜூலைன்னா கச்சிதமா முடிச்சுடுவேன். சோல்வே வர்றப்ப வீட்டுல ஒரு பொட்டலம் இருக்காது."

"மசோதா இன்னும் சபையில இருக்கு. நான் பேசக்கூடாது" என்றாள் ஆர்டிஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, நெருப்புன்னு சொன்னா வாயா வெந்துடும்? ஆமான்னு தலையாட்டேன்!"

"விடுங்க மாவிஸ்" என்று வெர்லின் சிரித்தான். "கல்யாணத்துல சம்மதமான்னு கேட்டாக்கூட 'விசாரணை நிலுவையில இருக்கு'ம்பா. அதனாலதான் எவனும் கேக்கலை."

அவளும் சிரித்தாள். பட்டாணிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பேச்சு பனிக்குப் போய்விட்டது.

மார்ச்சில் கவர்னர் ஒரு கட்டு மசோதாக்களில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை. வில்லோ கவுண்டியில் ஒரு பண்ணைக்கு டிராக்டர் டயர் மாட்டப் போயிருந்த வெர்லினை, வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று ஷெரிஃபின் ஆள் நிறுத்தினான். பச்சைப் பொட்டலம் வண்டியின் முன்தட்டில் எல்லோரும் பார்க்கக் கிடந்தது. ஒளித்து வைக்க அவனுக்குக் காரணமே இல்லையே! "அதுக்கு ஜூலை வரைக்கும் நேரம் இருக்கு சார்" என்று இவன் சொல்லியிருக்கிறான். "காலையிலதான் புது அட்டவணை வந்துச்சு, இறங்கு" என்று அவன் விலங்கை மாட்டியிருக்கிறான்.

சிறையிலிருந்து அவன் போன் செய்தது அக்காவுக்குத்தான். வேறு யாரைக் கூப்பிடுவான்?

"ஆர்டி, யாரோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்காங்க. நீ அந்தக் கட்டடத்துலதானே இருக்கே. எடுத்துப் பார்த்து இவங்களுக்குச் சொல்லு" என்றானாம்.

அவள் எடுத்துப் பார்த்தாள்.

நான் சூப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தபோது படி இறங்கி வந்தாள். கோட்டு இல்லை, கையில் பை இல்லை. வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான், மாவிஸ்."

"என்னடி நீதான்?"

"அவசரப் பிரிவு. யாரும் கேக்கலை. ஸ்டோல்ஸ் கேக்கலை, எந்த அரசாங்க டிபார்ட்மென்ட்டும் கேக்கலை. போன வருஷத்ததுல இருந்துச்சு, அப்படியே வந்துடுச்சு. எடுத்திருக்கணும். நான் எடுக்கலை. வெர்லினை உள்ள வச்சிருக்காங்க."

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஏதோ சொன்னேன். சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தேன். ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அது ஆறிப்போயிற்று.

ஜாமீனில் வந்துவிட்டான், அது ஒன்றும் பெரிதில்லை. பெருங்குற்றம் என்று தீர்ப்பானால் டயர் கடை போகும். அதையும் விடுங்கள். அந்த ஊர் நீதிபதி ஒரு குற்றவாளியிடம் குழந்தையை அனுப்புவாரா? சோல்வே வரமாட்டாள். மறுபடி கேட்க எத்தனை வருடமாகுமோ. வெர்லின் இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. கடை மூலையில் உட்கார்ந்து காகித நாப்கினைக் கிழித்துக் கிழித்துக் குவித்தான்.

ஆர்டிஸ் முதலில் ஸ்டோல்ஸிடம் போனாள். போவதென்ன, என் கடையில்தான். மனுஷர் சில்லி என்ற காரமான பீன்ஸ் குழம்பில் கேரமல் ரோலைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"செனட்டர், அவசரப் பிரிவு நீங்க கேக்கலைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். வில்லோ கவுண்டி அரசு வக்கீல் பிரெக்கி அதை வச்சு வழக்கை விட்டுடறேங்கறார்."

அவர் ரோலைக் கீழே வைத்தார். "நான் கேக்கலையா?"

"இல்லை, செனட்டர்."

"அப்ப அது எப்படி உள்ள இருந்துச்சு?"

"நான் விட்டுட்டேன்."

அவர் நாப்கினால் விரலைத் துடைத்துக்கொண்டார். கோபம்கூட இல்லை, பாவம். "ஆர்டிஸ், நான் என்னன்னு எழுதறது? என் மசோதாவை நானே படிக்கலைன்னா? மத்தவங்களும் ஓட்டுப் போட்டிருக்காங்க. அவங்களும் படிக்கலைன்னா? தேர்தல் வருதே, தாயி."

"படிக்காம ஓட்டுப் போடலாம், படிக்கலைன்னு சொல்லத்தான் கூடாதோ?" என்று நான் சில்லிப் பானைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அலுவலகத்திலும் சொல்லிவிட்டார்கள். மசோதா எப்படி எழுதப்பட்டது என்று வெளியே பேசினால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அது எல்லோருக்கும் உள்ள விதிதான். இவளே எத்தனையோ புதியவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவள்.

வழக்கு நாளன்று நான் கடையை மூடிவிட்டு வண்டியை ஓட்டிப் போனேன். வழி முழுக்கப் பனி உருகிச் சேறு. ஆர்டிஸ் பேசவில்லை, அதில் புதிது ஒன்றுமில்லை.

செனட்டர் எழுதித் தராததால், மசோதாவை எழுதிய அவளையே பிரெக்கி சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்று சொன்னாள். அவசரப் பிரிவை யாரும் கேட்கவில்லை என்றாள். செனட்டர் ரேடியோவில் ஜூலை என்று சொன்னது உண்மையான எண்ணம் என்றாள். பழைய மசோதாவிலிருந்து தான் எடுக்க மறந்தது என்றாள். மக்கள் ஜூலையை நம்பியதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்றாள். அத்தனை வருடத்தில் அவள் தொடர்ச்சியாக அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

நீதிபதி ஒரு வயதான அம்மாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இதை இங்க சொன்னா உங்க வேலை என்னாகும்னு தெரியுமா?"

"மேசையைக் காலி பண்ணிட்டுத்தான் வந்தேன், யுவர் ஆனர்."

பிரெக்கி குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். அவ்வளவுதான், முடிந்தது. சோல்வே கோடைக்கு வருவாள். வெர்லின் வராந்தாவில் அக்காவைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

ஊரில் அவளை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் புகழ்ந்தார். சீட்டாட்டத்தில் அவள் விட்ட சீட்டைக்கூட யாரும் கேலி செய்யவில்லை. அவள் ஒவ்வொரு புகழுக்கும் இன்னும் கொஞ்சம் சுருங்கினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தப்பைச் சொல்லி வேலையையும் விட்டவளுக்கு இன்னும் என்ன குறுகுறுப்பு என்று எனக்குத்தான் புரியவில்லை.

வழக்குப் போனாலும் சட்டம் போகவில்லை. பொட்டலம் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. கரண்டி கரண்டியாகக் குறைக்க வேண்டியதை வெர்லின் ஒரே நாளில், சிறையில், நிறுத்த வேண்டியதாயிற்று. டாக்டரம்மாவிடம் சீக்கிரம் இடம் கேட்டுப் பார்த்தான். ஜூன்தான் என்று சொல்லிவிட்டார்கள். முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. குளிரிலும் நெற்றி வியர்த்தது. ஆனால் வாயில் சிரிப்பு மட்டும் போகவில்லை.

ஆர்டிஸ் மேசையைக் காலி செய்து அலுவலகத்தில் விட்டுவைத்திருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் என் கடைக்கு வந்தபோது மதியக் கூட்டம் போய்விட்டிருந்தது. வெர்லின் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"மாவிஸ், சோல்வே வந்ததும் முதல்ல இங்கதான் கூட்டிட்டு வருவேன். இதோ இந்த அத்தைதான் உன்னை எங்கிட்ட சேர்த்தவன்னு காட்டுவேன். பேரைக் கேட்டா பெருமைப்படணும் அவ."

"வெர்லின், உக்காரு" என்றாள் ஆர்டிஸ்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது."

"அப்ப நின்னுக்கிட்டே கேளு. உன் தூளை அந்த அட்டவணையில டைப் பண்ணினப்ப உன்னைத்தான் நினைச்சேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "நினைக்காம இருப்பியா? சொல்லக்கூடாது, விதி. எனக்குத் தெரியாதா?"

"விதி இருந்துச்சு. ஆனா விதிக்காக நான் சும்மா இருக்கலை. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஒழிஞ்சுது சனியன், இனி எங்கயும் கிடைக்காது, தானா விட்டுடுவான்னு இருந்துச்சு. நீ ஜூலைதானேன்னு கேட்டப்போ, மறுநாள் ஒரு நிமிஷம் எடுத்துப் பார்த்திருந்தா போதும். பார்க்கலை. ஜூலைக்கு முன்னாடியே வந்தாலும் நல்லதுதான்னு உள்ளுக்குள்ள இருந்துச்சு. அந்தப் பிரிவை என் கை மறந்து விட்டுச்சா, வேணும்னு விட்டுச்சான்னு எனக்கே தெரியலை. கோர்ட்டுல மறந்தேன்னு சொன்னேன். தெரியலைன்னுதான் சொல்லியிருக்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏண்டி பாவி! இவ்வளவு காலம் வாயை இறுக்கி வச்சிருந்தே, இதையும் சேர்த்து இறுக்கி வச்சுக்க வேண்டியதுதானே? அவன் கேட்டானா?"

"கேக்கலை. பெருமைப்படறான், மாவிஸ். என்னால தாங்க முடியலை."

வெர்லின் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினான். அவன் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த ஞாயித்துக்கிழமை உங்கிட்ட நான் எல்லாத்தையும் சொன்னேன்" என்றான். "வாரா வாரம் எப்படிக் குறைக்கப்போறேன், ஜூன்ல மருந்து, எல்லாம். பட்டாணி எடுத்துப் போட்டியே, அப்பவும் சந்தோஷமாத்தான் இருந்தியா?"

"ஆமா."

"நான் விட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், ஆர்டி. உனக்கு அவசரமா?"

அவன் கையை நீட்டினான். "என் வீட்டுச் சாவியைக் குடு."

மாத்திரைக் காலத்தில் அவன் கொடுத்த சாவி அது. தினமும் வேலைக்கு வருவதற்கு முன்னால் அவன் வீட்டைத் திறந்து, படுக்கையறை வாசலில் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவாளாம். அவன் தூள் குடிக்க ஆரம்பித்துத் தேறிய பிறகும் அதை நிறுத்தவில்லை. இதுவும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வளையத்திலிருந்து அவளால் சாவியைக் கழற்ற முடியவில்லை, நகம் மடங்கியது. நான்தான் வெண்ணெய்க் கத்தியை விட்டு நெம்பிக் கழற்றி அவன் கையில் வைத்தேன். எனக்கு நன்றி சொன்னான். பெட்டியைத் தூக்கி அவள் வண்டியில் வைத்துவிட்டு நடந்தே போனான்.

நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் சரியாகிவிடுவான், தம்பிதானே, ரத்தம் தண்ணீராகுமா என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. தரையை ஒட்டி இருந்த உயரமான ஜன்னல் வழியாக அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடேறிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி தாங்க மாட்டான், மாவிஸ். மறுபடி மாத்திரைக்குத்தான் போவான்" என்றாள். "காலையில அவன் உசிரோட இருக்கானான்னு இனி யாரு போய்ப் பார்ப்பா?"